நிற்பவர்களின் கோரிக்கைச் சாசனம்

துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை விற்பனைப் பணியாளர்கள் முன்வைப்பது

பெறுநர்: கடை முதலாளிகள், வணிகர் சங்கங்கள், தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலத்துறை. இவர்களோடு, எங்களிடம் துணியும் நகையும் பாத்திரமும் வாங்கும் பொதுமக்கள்.

சென்னை ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும், மதுரை மாசி வீதிகளிலும், கோவை ஒப்பணக்காரத் தெருவிலும், திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கிறவர்கள் நாங்கள். எங்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஊரிலிருந்து பஸ் ஏறியவர்கள். தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். இப்போது வட மாநிலங்களிலிருந்து வந்த தம்பிகளும் எங்களோடு நிற்கிறார்கள். கல்யாணம் ஆகி, குழந்தை பெற்று, மறுபடியும் அதே கவுண்டருக்கு வந்த அக்காக்களும் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த வேலை எங்களுக்குப் பிடிக்கும்.

முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். பெண்ணின் அம்மாவுக்கு அரக்கு வேண்டும். அத்தைக்கு ஜரிகை கனமாக இருக்க வேண்டும். அப்பா பேசாமல் ஓரத்தில் நின்று விலைச்சீட்டைப் பார்க்கிறார். கல்யாணப் பெண் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புடவையை ஒரே வீச்சில் விரிக்கிறோம். முந்தி அவர்கள் பக்கம் விழ வேண்டும், கரை நேராக நிற்க வேண்டும், உடல் பகுதியின் நிறம் விளக்கு வெளிச்சத்தில் ஏமாற்றாமல் தெரிய வேண்டும். பெண் எந்தப் புடவையின் மேல் வைத்த கையை எடுக்காமல் இருக்கிறாள் என்று பார்க்கத் தெரிய வேண்டும். வீட்டாரின் வசதி எவ்வளவு என்று கேட்காமலே கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொண்ட பிறகு, அதற்கு மேல் விலையுள்ள ஒன்றை விரித்து அந்த அப்பாவைச் சங்கடப்படுத்தாமல் இருக்கவும் தெரிய வேண்டும். கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட்டிக் கோத்த கோர்வைச் சேலை எது, அதன் சாயலில் நெய்த சாதாரணச் சேலை எது என்று பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி விளக்க வேண்டும். கடைசியில் ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தும்போது, அந்தப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்து “இது நல்லா இருக்கும்மா” என்பாள். அந்த நிமிஷத்தில் எங்களுக்குள் வரும் நிறைவை யாரும் பாடம் நடத்தி ஊட்டியதில்லை. அது வேலையிலிருந்தே வருகிறது.

அப்படியிருந்தும் தீபாவளிக்கு முன்பு சேர்ந்தவர்களில் பலர் பொங்கலுக்கு இருப்பதில்லை. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் ஈடுபாடு கிடையாது” என்று முதலாளிகள் வருத்தப்படுகிறார்கள். சில கடைகளில் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கைதட்ட வைக்கிறார்கள். பேச்சாளர்களை வரவழைத்து உற்சாகம் ஊட்டுகிறார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் எங்களிடம் இருக்கிற ஈடுபாடு கடைக்குள் வந்த பிறகு எப்படிக் கரைகிறது என்று எங்களைக் கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போம். கேட்காததால் எழுதுகிறோம்.

1959-இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், பிட்ஸ்பர்க் பகுதியில் இருநூற்றுச் சொச்சம் பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு எழுதிய ஆய்வு, நிர்வாகப் படிப்பு படித்த எல்லோருக்கும் தெரிந்தது. சம்பளம், பணியிட வசதி, மேலாளரின் நடத்தை இவை சரியில்லாவிட்டால் மனிதன் வெறுத்துப்போகிறான். வேலையில் சாதித்தது, அதைப் பிறர் மதித்தது, பொறுப்பு கிடைத்தது, வளர்ந்தது இவைதான் அவனை மனநிறைவோடு வேலை செய்ய வைக்கின்றன என்பது அதன் சாரம். இதில் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, “பணம் ஊக்கம் தராது, பாராட்டுதான் ஊக்கம் தரும்” என்று பேசுகிற மேலாளர்கள் இருக்கிறார்கள். முன்பாதியையும் அவர்கள் படிக்க வேண்டும். முன்பாதி இல்லாத கடையில் ‘இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று சுவரில் ஒட்டுகிற படத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. எங்கள் கோரிக்கைகள் இரண்டு பாதிகளையும் சேர்த்தவை.

உட்காரும் உரிமை

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கடையிலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு வரும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2018-இல், கேரளம் இதைச் செய்துவிட்டது. அங்கே அது தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த பி. விஜியும் அவரோடு சேர்ந்த பெண்களும் ‘பெண்கூட்டு’ என்ற பெயரில் முதலில் கழிப்பறை கேட்டும், பிறகு இருக்கை கேட்டும் பல ஆண்டுகள் போராடியதால் வந்தது. இங்கிலாந்தில் 1899-லேயே கடைப் பெண்களுக்கான இருக்கைச் சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண் பணியாளர்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்றது அது. அந்த ஊர்க் கடைப் பெண்களுக்கு அன்றே கிடைத்ததை நாங்கள் இன்றும் மனுப் போட்டுக் கேட்கிறோம்.

சட்டம் வந்த பிறகு பல கடைகளில் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். உண்மைதான். அந்த ஸ்டூல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சில இடங்களில் ரேக்குக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் இருக்கிறது. சில இடங்களில் வெளியே இருந்தும் யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கேமராவில் பார்த்து மைக்கில் பெயர் சொல்லுவார் என்ற பயம். மதியம் இரண்டு மணிக்குக் கடையில் ஆளே இல்லாத நேரத்திலும் நாங்கள் நிற்கிறோம். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கிறோம், கை சும்மா இருந்தால் கேள்வி வரும் என்பதால்.

முட்டியும் குதிகாலும் வலிப்பது எல்லோருக்கும் தெரியும். காலில் நரம்பு முடிச்சு விழுவதும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பெரும்பாலும் நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களைக் காட்டிலும் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அது கண்டது.

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு கவுண்டரிலும் இரண்டு பேருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும். அது முதுகு சாய்க்கக்கூடியதாக, கவுண்டருக்கு உள்ளேயே, நின்ற இடத்திலிருந்து ஓரடியில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காரலாம் என்பதைக் கடை நிர்வாகம் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். உட்கார்ந்ததற்காக யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. இருக்கை இருந்தும் உட்கார அனுமதி இல்லாத கடையையும் சட்டத்தை மீறிய கடையாகவே தொழிலாளர் துறை கணக்கில் எடுக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது கழிப்பறை. ஐந்து மாடிக் கடையில் பணியாளர்களுக்கு ஒரு மாடியில் மட்டும் கழிப்பறை, போக சூப்பர்வைசரிடம் டோக்கன், பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் குறிப்பு என்ற நிலை இனி வேண்டாம். தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு மருந்துக்கடைக்குப் போகிற பெண்கள் எங்களில் இருக்கிறார்கள். மாடிக்கு ஒரு கழிப்பறை, டோக்கன் இல்லாமல். வேறு பேச்சு இல்லை.

சம்பளம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் இதில் பெரும்பகுதி ஏற்கெனவே சட்டம். கடைகளுக்கென்று அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியும், ஏப்ரல் தோறும் உயரும் அகவிலைப்படியும் முழுதாக வங்கிக் கணக்கில் வர வேண்டும். வேலையில் சேரும் நாளில் நியமன ஆணை கையில் வேண்டும். மாதந்தோறும் சம்பளச் சீட்டு வேண்டும். அதில் பிடித்தம் என்னென்ன என்று தமிழில் இருக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதியும் ஈஎஸ்ஐயும் பிடித்தால் அந்த எண்ணை எங்களிடம் கொடுக்க வேண்டும். ஐந்து வருஷம் முடிகிற சமயம் பார்த்து ஒரு மாதம் நிறுத்தி, மறுபடி புது ஆளாகச் சேர்த்துப் பணிக்கொடையை மறுக்கிற பழக்கம் ஒழிய வேண்டும். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று ஊரில் வந்து சொல்லி அழைத்து, பிறகு அதைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

ஸ்டாக் குறைந்தால் அந்த செக்‌ஷனில் நின்ற எல்லோர் சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடிக்கிற வழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். யாரோ எடுத்ததற்கு எடுக்காத பத்துப் பேர் பணம் கட்டுகிறோம். பணம் போனதைவிட, பத்துப் பேரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிப்பதுதான் பெரிய நஷ்டம். அதற்குப் பிறகு அந்த செக்‌ஷனில் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வேலை செய்வது நின்றுபோகிறது. விசாரணை இல்லாமல் எந்தப் பிடித்தமும் கூடாது.

எங்கள் நேரம்

சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. இது நேற்று வந்த சட்டம் இல்லை, நாடு சுதந்திரம் அடைந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம். காலை ஒன்பதரைக்கு வரிசையில் நின்று, இரவு பத்தரைக்கு ஷட்டர் இறங்கிய பிறகும் துணி மடித்துக்கொண்டிருக்கிறவர்களிடம் இந்தச் சட்டத்தை வாசித்துக் காட்டினால் வேறு ஏதோ நாட்டுச் சட்டம் என்று நினைப்பார்கள். 2019-இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுக்க, நாள் முழுக்கத் திறந்திருக்கலாம் என்று அரசு ஆணை வந்தது. கடைக்குத்தான் விடுப்பு வேண்டாம் என்றது அந்த ஆணை. ஆளுக்கு வார விடுமுறை உண்டு என்பதில் அது எந்த மாற்றமும் செய்யவில்லை. இதைப் பல கடைகளில் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்.

மணிக்கணக்கைவிட எங்களை அதிகம் வாட்டுவது நிச்சயமின்மை. நாளைக்கு எத்தனை மணிக்கு விடுவார்கள், இந்த வாரம் லீவு எந்தக் கிழமை என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை லீவு என்று நம்பிக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நேரம் வாங்கியிருப்போம். திங்கள் இரவு பத்து மணிக்கு “நாளைக்கு வந்துரும்மா, ஆள் இல்ல” என்பார்கள். ஒரு பெண்ணுக்கு இது மூன்று தடவை நடந்தால் நான்காம் தடவை அவள் வேலையை விட்டுவிடுவாள். கடையில் அதை ‘சொல்லாமல் நின்றுவிட்டாள்’ என்று எழுதிக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் கேப் என்ற துணிக்கடை நிறுவனம், சான் ஃபிரான்சிஸ்கோவிலும் சிகாகோவிலும் தன் கடைகள் சிலவற்றில் பணியாளர்களின் வேலை நேரத்தை முன்கூட்டி அறிவித்து, நிலையாக வைத்துப் பார்த்தது. அதை ஆராய்ந்த பேராசிரியர்களின் முடிவு 2018-இல் வந்தது. நேரம் நிலையாக இருந்த கடைகளில் விற்பனை ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது. அனுபவம் உள்ள ஆள் நிலைத்து நின்றால் பொருள் விற்கும் என்பது முதலாளிகளுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நேர அட்டவணை இரண்டு வாரத்துக்கு முன்பே எழுத்தில் வேண்டும். போட்ட வார விடுமுறையை மாற்ற வேண்டுமானால் எங்கள் சம்மதம் வேண்டும், மாற்று நாள் அப்போதே குறிக்கப்பட வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் பெண்கள் நிற்பது அவர்கள் எழுதிக் கொடுத்த சம்மதத்தின் பேரில் மட்டுமே, வீடுவரை வண்டியோடு. 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வருஷத்துக்கு ஒன்பது நாட்களைத் தருகிறது. அந்த நாட்களில் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுமுறை.

தீபாவளியைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் முழுக்கப் புதுத்துணி கட்டுவதற்கு நாங்கள் நிற்கிறோம். முந்தின நாள் நள்ளிரவுவரை கடை. அதன் பிறகு கோயம்பேட்டுக்கோ கிளாம்பாக்கத்துக்கோ ஓடினால் பஸ்ஸில் இடம் இருக்காது. அம்மாவுக்கு எடுத்த புடவை தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் ஊர் போய்ச் சேரும். எல்லோரையும் ஒரே நாளில் விட முடியாது என்பது எங்களுக்கும் புரிகிறது. சுழற்சி முறையில் விடுங்கள். இந்த வருஷம் தீபாவளிக்கு நின்றவர் அடுத்த வருஷம் முந்தின நாளே கிளம்பட்டும், பொங்கலுக்கு நின்றவர் அடுத்த பொங்கலுக்குப் போகட்டும். யார் எப்போது என்பதை ஆடி பிறக்கும் முன்பே எங்களோடு உட்கார்ந்து எழுதிவிடலாம்.

எங்கள் திறமை

இந்தச் சாசனத்தில் எங்கள் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். மேலே கேட்டவை கிடைத்தால் நாங்கள் வேலையை விட்டு ஓட மாட்டோம். இங்கே கேட்பவை கிடைத்தால் வேலைக்கு ஆசையோடு வருவோம்.

கடையில் எங்களுக்குப் பெயர் ‘சேல்ஸ் கேர்ள்’, ‘சேல்ஸ் பையன்’. பன்னிரண்டு வருஷம் பட்டு செக்‌ஷனில் நின்ற அக்காவும் சேல்ஸ் கேர்ள்தான், போன வாரம் சேர்ந்த பெண்ணும் சேல்ஸ் கேர்ள்தான். சம்பளத்தில் சில நூறுகள் வித்தியாசம் இருக்கும். அந்த அக்காவுக்குக் காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் தர்மாவரத்துக்கும் தொட்டாலே வேறுபாடு தெரியும். எந்தச் சாயம் வியர்வைக்கு நிற்காது என்று தெரியும். புது டிசைன் வந்ததும் இது ஓடும், இது தேங்கும் என்று சொல்லுவார், சொன்னபடியே நடக்கும். கொள்முதலுக்குப் போகிறவர்கள் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

நகைக்கடையைப் பாருங்கள். 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயம் ஆனது. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளக் குறி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்க முடியாது. வாடிக்கையாளர் தன் போனிலேயே அந்தக் குறியைப் போட்டுச் சரிபார்க்கலாம். இதையெல்லாம் ஜனங்களுக்குப் புரிய வைத்தது யார்? கவுண்டரில் நின்ற நாங்கள்தான். “916-னா என்ன தம்பி, சேதாரம் ஏன் இவ்வளவு, பழைய நகைக்கு ஏன் குறைக்கிறீங்க” என்ற கேள்விகளுக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை பொறுமையாகப் பதில் சொன்னோம். அரசு விதிக்கும் கடைக்கும் நடுவில் நம்பிக்கையாக நின்றது எங்கள் வாய்ச்சொல். அதற்குப் பயிற்சி தந்த கடைகள் சில. மற்ற இடங்களில் நாங்களே ஒருவர் போனை ஒருவர் வாங்கிப் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

இந்தத் திறமை கணக்கில் வர வேண்டும். விற்பனைப் பணிக்கு நான்கு நிலைகளாவது வைத்து, ஒவ்வொரு நிலைக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன சம்பளம் என்று எழுதி வைக்க வேண்டும். மேல்நிலைக்குப் போவது சூப்பர்வைசரின் தயவில் இல்லாமல், வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் வெளிப்படையான தேர்வில் இருக்க வேண்டும். புடவை விற்கிறவர்களை வருஷத்தில் ஒரு நாளாவது கூலியோடு தறிக்கு அழைத்துப் போங்கள். ஒரு கோர்வைச் சேலைக்கு நெசவாளிக்கு எத்தனை நாள் பிடிக்கிறது, பக்கத்தில் உதவியாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவது எப்படி என்று கண்ணால் பார்த்தவர் அந்தப் புடவையை விற்கிற விதமே வேறு. விலை ஏன் இவ்வளவு என்று கேட்கிறவருக்கு அவர் மனதாரப் பதில் சொல்லுவார். நெசவாளியின் உழைப்புக்கும் அது மரியாதை.

கொள்முதல் முடிவு செய்யும் கூட்டத்தில் ஒவ்வொரு செக்‌ஷனிலிருந்தும் ஒருவர் உட்கார வேண்டும். வாடிக்கையாளர் கேட்டு இல்லை என்று நாங்கள் சொல்லி அனுப்புகிற பொருள்களின் பட்டியல் எங்கள் மனதில் இருக்கிறது. அது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை, ஏனென்றால் விற்காத பொருளுக்கு பில் போடுவதில்லை.

சின்னச் சின்ன முடிவுகளை எங்களிடம் விடுங்கள். ஒரு பாட்டி பேத்திக்குப் பாவாடை எடுக்கிறார், ஐம்பது ரூபாய் குறைகிறது. அந்த ஐம்பது ரூபாய்க்காக நாங்கள் ஃப்ளோர் மேனேஜரைத் தேடி இரண்டு மாடி ஏறுகிறோம், பாட்டி அதற்குள் கிளம்பிவிடுகிறார். குறிப்பிட்ட வரம்புக்குள் விலை குறைக்கவும், கிழிசல், சாயப்போக்கு போன்ற வெளிப்படையான குறைக்குப் பொருளை மாற்றித் தரவும் மூன்று வருஷம் நின்றவருக்கு அதிகாரம் வேண்டும். பொறுப்பைக் கொடுத்தால் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று பயப்படுகிறீர்கள். லட்சக்கணக்கான ரூபாய் பட்டையும் தங்கத்தையும் எங்கள் கையில்தானே கொடுத்திருக்கிறீர்கள்?

டார்கெட் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் டார்கெட் வைத்து இன்சென்டிவ் கொடுப்பது ஊக்கம் தரும் என்று நினைக்கிறார்கள். கவுண்டரில் நடப்பது வேறு. வாசலில் ஆள் நுழையும்போதே ‘என் கஸ்டமர்’ என்று பாய வேண்டியிருக்கிறது. புதுப் பெண்ணுக்குப் பட்டு மடிக்கச் சொல்லிக்கொடுக்க அனுபவமுள்ள அக்காவுக்கு நேரமில்லை, சொல்லிக்கொடுக்கிற ஒரு மணி நேரத்தில் அவருடைய கணக்கு விழுகிறது. உள்பாவாடையும் கைக்குட்டையும் விற்கிற செக்‌ஷனில் நிற்பவர் நாள் முழுக்க உழைத்தாலும் பட்டு செக்‌ஷனின் ஒரு பில்லைத் தொட முடியாது. ஊக்கத்தொகையை செக்‌ஷன் முழுமைக்கும் சேர்த்துக் கணக்கிட்டுப் பங்கிடுங்கள். புதியவருக்குக் கற்றுக்கொடுப்பதைத் தனி வேலையாக எண்ணி அதற்குத் தனிப் படி கொடுங்கள். டார்கெட் எட்டாதவரை எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லும் காலைக் கூட்டங்களை நிறுத்துங்கள்.

வேலையை விட்டுப் போகும்போது என்னென்ன தெரியும் என்று எழுதிய அனுபவச் சான்றிதழ் தர வேண்டும். பத்து வருஷம் கற்றதை அடுத்த கடையில் முதலிலிருந்து நிரூபிக்க எங்களால் ஆகாது.

மரியாதை

இரவு கடை மூடியதும் பையைத் திறந்து காட்டி, உடம்பைத் தடவிச் சோதித்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். பெண்களைப் பெண்களே சோதித்தாலும் அந்த அரை நிமிஷம் அவமானம்தான். காலை முழுக்க “நம்ம குடும்பம் மாதிரி” என்று கேட்டுவிட்டு இரவில் இப்படி வெளியேறுகிறோம். உடலைத் தொடும் சோதனை நிற்க வேண்டும். சோதனை வேண்டுமென்றால் கருவி வையுங்கள், மேலாளர் முதல் எல்லோருக்கும் வையுங்கள்.

சிரித்த முகமாக இருப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதிய நூலில், மனதில் ஒன்று இருக்க முகத்தில் இன்னொன்றைக் காட்டுவதும் உழைப்புதான் என்றார். கால் வலியைவிட அது சில நாளில் அதிகம் களைப்பாக்கும். நூறு புடவை விரிக்கச் சொல்லி, எதுவும் எடுக்காமல், “உனக்குக் காட்டவே தெரியல” என்று துணியை மேலே எறிந்துவிட்டுப் போகிறவர்களையும் சிரித்தே அனுப்புகிறோம். அப்போது முதலாளியோ மேலாளரோ எங்கள் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேச வேண்டும். பல சமயம் அவர்கள் வாடிக்கையாளர் முன்னாலேயே எங்களைத் திட்டி அவரைச் சமாதானப்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட நாளுக்குப் பிறகு அந்தப் பெண்ணிடம் ஈடுபாட்டை எதிர்பார்ப்பது நியாயமா?

எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வயதில் மூத்தவர்களை ‘ங்க’ போட்டுப் பேசுங்கள். வசைச்சொல் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள் குழு அமைக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கவுண்டரில் நிற்கிற கடைசிப் பெண்வரை தெரிய வேண்டும். ஆண் பணியாளரோடு பேசினாள் என்பதற்காக ஒரு பெண்ணை வேலையைவிட்டு அனுப்புகிற கடை விதிகளைக் கிழித்துப் போட வேண்டும்.

தங்கும் இடம்

ஒரு அறையில் எத்தனை பேர் என்பதற்கு வரம்பு வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டுப் பெட்டி, போதிய தண்ணீர், உடம்பு முடியாதவருக்கு மெஸ்ஸில் கஞ்சி. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று தீப்பிடித்து எரிந்ததைச் சென்னையே பார்த்தது. கடைக் கட்டடத்தின் மேல்மாடியில் ஆட்களைத் தங்க வைக்கும் வழக்கம் எந்தக் கடையிலும் இருக்கக் கூடாது. விடுதிக் கதவை வெளியிலிருந்து பூட்டக் கூடாது.

பேசும் உரிமை

மாதம் ஒருமுறை, வேலை நேரத்துக்குள், மேலாளர் இல்லாமல் நாங்கள் கூடிப் பேச ஒரு மணி நேரம் வேண்டும். அதில் தேர்ந்தெடுக்கப்படும் இருவர் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசுவார்கள். பேசியதும், முடிவானதும், முடியாது என்றதும், அதற்கான காரணமும் எழுதி ஒட்டப்பட வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான கூலியோ இல்லாமல் நீக்க முடியாது என்று கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தச் சாசனத்தில் கையெழுத்திட்டதற்காக யாரையாவது நிறுத்தினால் அந்தப் பிரிவின்படி மேல்முறையீட்டுக்குப் போவோம்.

தொழிலாளர் துறை ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். காலை பதினொரு மணிக்கு வராதீர்கள், அப்போது எல்லாம் சரியாக இருக்கும். இரவு ஒன்பதரைக்கு வாருங்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் வாருங்கள். முதலாளியின் அறையில் பதிவேட்டைப் பார்த்த பிறகு மாடிக்கு வந்து எங்களிடம் தனியாகக் கேளுங்கள்.

பொதுமக்களிடம்: நீங்கள் நிறையக் காட்டச் சொல்லுங்கள், அதில் எங்களுக்கு வருத்தமில்லை, அது எங்கள் வேலை. காட்டுகிறவர் பெயரைக் கேளுங்கள். நன்றாகக் காட்டியிருந்தால் பில் போடும் இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் வந்ததும் எழுந்துவிடுவோம். எந்தக் கடையில் ஊழியர்கள் உட்கார முடிகிறதோ அந்தக் கடைக்குப் போங்கள்.

முதலாளிகளின் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக: ஏற்கிறோம், எப்போதிலிருந்து, ஏற்கவில்லை, ஏன். ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாக அந்தப் பதில் வர வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் பொங்கல்வரை யாருக்கும் பேச நேரம் இருக்காது. பேச்சுவார்த்தைக்கு ஒவ்வொரு கடையிலிருந்தும் இருவர் வருவோம், அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண். பேசும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

இச்சாசனத்தின் நகல்கள் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கும் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகங்களுக்கும் கையெழுத்துப் பட்டியலோடு அனுப்பப்படுகின்றன. ஒரு நகல் ஒவ்வொரு கடையின் பணியாளர் நுழைவாயிலிலும் ஒட்டப்படும்.